லேப்டாப்புக்குக் குறைந்த செலவில் வயர்லெஸ் ஸ்பீக்கர்: தேர்ந்தெடுப்பது முதல் இணைப்பது வரை

லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரில் பேச்சு மெலிசாகக் கேட்கும், பாட்டில் பாஸ் (அடித்தொனி) இருக்கும் இடமே தெரியாது. சரி, வயர்லெஸ் ஸ்பீக்கர் ஒன்று வாங்கிவிடலாம் என்று தேடத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் வாட் எண்ணையும் நட்சத்திரங்களையும் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். உதட்டசைவோடு குரல் ஒட்டாததும், மீட்டிங் தொடங்கியதும் ஒலி பழைய டெலிபோன் மாதிரி சுருங்கிப்போவதும் வாங்கி வந்த பிறகுதான் தெரியவருகிறது.

வரிசையைத் திருப்பிப் போட்டால் இந்தச் சிக்கல்களில் பெரும்பகுதி வராது. முதலில் உட்காரும் இடம், அப்புறம் கேட்கப்போகும் விஷயம், அப்புறம் லேப்டாப். ஸ்பீக்கர் கடைசியில்தான். பட்ஜெட் சிறியதாக இருக்கும்போது இது இன்னும் முக்கியம். ஒரே சின்னத் தொகைக்குள் பேட்டரி, தண்ணீர்ப் பாதுகாப்பு, வண்ண விளக்கு, மைக் எல்லாவற்றையும் திணித்தால் ஒலிக்கென்று மிஞ்சுவது கொஞ்சம்தான். எதெல்லாம் உங்களுக்கு வேண்டாம் என்று தெளிவாகத் தெரிந்தால், அந்தப் பணம் ஒலிக்குப் போய்ச் சேரும்.

தொடங்கும் முன் மூன்று பொருள்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: லேப்டாப், அளவு நாடா, யாரிடமாவது இரவல் வாங்கிய புளூடூத் இயர்போன் அல்லது ஸ்பீக்கர். அந்த இரவல் பொருளின் தரம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. 3-ஆம் படியில் சோதனைக்குத்தான் அது.

1. எந்த வயர் போக வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

வயர்லெஸ் என்று எழுதியிருந்தால் வயரே இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்பீக்கர் அமைப்பில் மூன்று வயர்கள் உண்டு: லேப்டாப்பிலிருந்து ஸ்பீக்கருக்கு வருவது, மின்சாரத்துக்குப் போவது, இடது பெட்டியையும் வலது பெட்டியையும் இணைப்பது.

பேட்டரி உள்ள ஒற்றைப் பெட்டியில் மூன்றுமே இருக்காது. மேசையில் வைக்கும் இரட்டைப் பெட்டி புளூடூத் செட்டில் பெரும்பாலும் முதல் வயர் மட்டும்தான் போகும். மற்ற இரண்டும் இருக்கும்.

லேப்டாப்பைச் சமையலறைக்கும் படுக்கைக்கும் தூக்கிக்கொண்டு போவீர்களா, ஒரே மேசையில்தான் வைத்திருப்பீர்களா? மேசையை விட்டு நகராது என்றால் பேட்டரிக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. சுவர் பிளக்கில் ஓடும் செட், அதே விலையில் உள்ள பேட்டரிப் பெட்டியைவிட அநேகமாக எப்போதும் நன்றாகவே ஒலிக்கும். பேட்டரிக்கும் சார்ஜிங் சர்க்யூட்டுக்கும் போகும் செலவு அதில் பெரிய டிரைவருக்கும் (பெட்டிக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் வட்டப் பாகம்) பெட்டிக்கும் போகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. லித்தியம் அயன் பேட்டரியை எந்நேரமும் 100 சதவீத சார்ஜிலேயே வைத்திருந்தால் சீக்கிரம் தேயும். மேசையில் நிரந்தரமாகச் சார்ஜரில் செருகி வைக்கப்போகும் பேட்டரி ஸ்பீக்கருக்கு இதுதான் கதி.

2. காதுக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள தூரத்தை அளங்கள்

வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, ஸ்பீக்கர் வைக்கப்போகும் இடம்வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மேசை என்றால் 60 முதல் 80 செ.மீ. இருக்கும். கட்டிலில் சாய்ந்து படம் பார்ப்பவர்களுக்கு 2 மீட்டரோ அதற்கு மேலோ இருக்கும்.

திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். அறைக்குள் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி இருப்பதால் அவ்வளவு குறையாது, ஆனால் போக்கு அதேதான். மேசையில் முகத்துக்கு நேரே இருக்கும் ஸ்பீக்கருக்கு 5 வாட்டே தாராளம். அறையின் மறுமுனையிலிருந்து கேட்பவருக்கு அது போதாது.

இந்த அளவு கையில் இல்லாமல் வாட்டைப் பேசுவதில் பொருளில்லை.

3. தாமதம் உங்களைப் பாதிக்குமா என்று சோதியுங்கள்

புதிதாக வாங்குபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். மற்ற குறைகளை ஏதாவது செய்து சமாளிக்கலாம். தாமதத்தை எல்லா வேலையிலும் அப்படிச் சமாளிக்க முடியாது.

புளூடூத்தில் ஒலி நேரடியாகப் போவதில்லை. லேப்டாப் அதைச் சுருக்கி, சிறு துண்டுகளாக அனுப்புகிறது. ஸ்பீக்கர் சில துண்டுகளைச் சேர்த்துவைத்துக்கொண்டு, விரித்து, அதன் பிறகே ஒலிக்கிறது. சேர்த்து வைக்காவிட்டால் சிக்னல் கொஞ்சம் தடுமாறினாலும் பாட்டு விட்டுவிட்டுக் கேட்கும். இதற்கெல்லாம் சேர்த்துப் பெரும்பாலும் 100 முதல் 250 மில்லிநொடி ஆகிறது.

இது அதிகமா? ஒளிபரப்புக்காக சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த பிடி.1359 பரிந்துரையின்படி, ஒலி படத்துக்கு 125 மில்லிநொடி பின்தங்கினால் மனிதர்கள் கவனிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஆக, புளூடூத் நிற்பது எல்லைக்கோட்டிலும் அதைத் தாண்டியும்தான்.

உங்கள் பயன்பாட்டைப் பொறுத்து இது ஒன்றுமே இல்லாமலும் போகலாம், வாங்கியதே வீணாகவும் போகலாம்.

பாட்டு, பாட்காஸ்ட் கேட்பதற்குத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. வீடியோ பார்க்க பெரும்பாலான பிரவுசர்களும் பிளேயர்களும் தாமதத்தைக் கணக்கிட்டு, படத்தையும் அதே அளவு நிறுத்திக் காட்டுகின்றன. அப்படியும் ஒட்டாவிட்டால், விண்டோஸில் விஎல்சி பிளேயரைப் பயன்படுத்துபவர்கள் 'ஜே' விசையைத் தட்டலாம். ஒவ்வொரு தட்டுக்கும் ஒலி 50 மில்லிநொடி முன்னால் நகரும். 'கே' விசை பின்னால் நகர்த்தும்.

விளையாட்டுக்கு இந்தத் தந்திரம் உதவாது. நீங்கள் பட்டனை அழுத்தும் நொடியை எந்த மென்பொருளாலும் முன்கூட்டியே அறிய முடியாது. லேப்டாப்பில் இசைக் கீபோர்டு இணைத்து வாசிப்பவர்களுக்கும் இதே கதைதான். வீடியோ எடிட்டிங்கில் வெட்டும் இடம் தவறாகத் தெரியும். இந்த மூன்றில் ஏதாவது உங்கள் அன்றாட வேலை என்றால், புளூடூத்துக்குப் பதிலாகத் தனி யூஎஸ்பி ரிசீவர் வழியே ஒலி வாங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஸ்பீக்கரைத் தேடுங்கள். தாமதம் மிகக் குறைவு. ஆனால் இந்த வகையில் மாடல்கள் கொஞ்சம்தான். கிடைக்காவிட்டால் வயர் உள்ள ஸ்பீக்கரே சரியான தேர்வு, அதில் தயக்கம் வேண்டாம்.

இப்போது அந்த இரவல் இயர்போனை லேப்டாப்பில் இணையுங்கள். நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் தளத்தில், முகம் நெருக்கமாகத் தெரியும் பேட்டி ஒன்றைப் போட்டு, ப, ம போன்ற எழுத்துகளில் உதடு மூடுவதைக் கவனியுங்கள். அந்த எழுத்துகளில்தான் ஒட்டாமை பளிச்சென்று தெரியும். அப்புறம் ஒரு விளையாட்டைத் திறந்து பட்டனை அழுத்திப் பாருங்கள். ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் எண் மாறும் என்றாலும், இந்த அளவு தாமதம் உங்களை உறுத்துமா என்பது கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

4. லேப்டாப்பில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, புளூடூத் பகுதியில் அடாப்டரின் பெயரை இருமுறை கிளிக் செய்து, அட்வான்ஸ்டு டேபைப் பாருங்கள். அங்கே எல்எம்பி என்று ஓர் எண் இருக்கும். 6 என்றால் புளூடூத் 4.0, 8 என்றால் 4.2, 9 என்றால் 5.0, 11 என்றால் 5.2.

4.0 இருந்தால்கூடப் பாட்டு கேட்கப் போதும். இதைப் பார்க்கச் சொல்வது வேறொரு காரணத்துக்காக: 5.3 என்று பெரிய எழுத்தில் போட்டு அதற்காக விலை கூட்டிய ஸ்பீக்கரை நீங்கள் வாங்கிவிடக் கூடாது. வழக்கமான புளூடூத் ஒலி இன்னும் பழைய முறையில்தான் போகிறது. பதிப்பு எண் ஏறுவதால் மட்டும் அது தெளிவாகிவிடாது.

அடுத்தது கோடெக், அதாவது ஒலியைச் சுருக்கும் முறை. எஸ்பிசி எல்லா புளூடூத் ஸ்பீக்கரிலும் கட்டாயம் உண்டு. விண்டோஸ் 10 அதோடு ஆப்டெக்ஸையும் தருகிறது. விண்டோஸ் 11-இல் ஏஏசியும் சேர்ந்தது. மேக்கில் ஏஏசி உண்டு. எல்டாக் கோடெக்கை விண்டோஸ் தானாகத் தருவதில்லை. எனவே விண்டோஸ் லேப்டாப்புக்கு வாங்கும் ஸ்பீக்கரில் எல்டாக்குக்காகக் கூடுதல் பணம் தருவது வீண்.

இந்த விலை வரம்பில் கோடெக்கை மனத்தில் போட்டு உழப்பிக்கொள்ளவும் வேண்டாம். எஸ்பிசி உச்சத் தரத்தில் நொடிக்குச் சுமார் 328 கிலோபிட் அனுப்பும். ஒலியைக் கெடுப்பது பெரும்பாலும் சிறிய டிரைவரும் மெல்லிய பிளாஸ்டிக் பெட்டியும்தான்.

லேப்டாப்பில் புளூடூத்தே இல்லையா, அடிக்கடி அறுந்து போகிறதா? சின்ன யூஎஸ்பி புளூடூத் அடாப்டர் ஒன்று போதும். அதற்கும் பட்ஜெட்டில் இடம் விடுங்கள்.

5. வகையை முடிவு செய்யுங்கள்

மேசையில் உட்கார்ந்து பாட்டு கேட்பவர்களுக்கு இரட்டைப் பெட்டி. ஒற்றைப் பெட்டிக்குள் இரண்டு டிரைவர்கள் இருந்தாலும் அவற்றுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளிகூட இருக்காது; இடது எது, வலது எது என்று காதுக்குப் பிரியாது. இரட்டைப் பெட்டியை விரித்து வைத்தால் பாடுபவர் நடுவிலும் வாத்தியங்கள் இரு பக்கமும் நிற்பது தெரியும். என்னைக் கேட்டால், இந்தப் பணத்தில் கிடைக்கும் மிகப்பெரிய முன்னேற்றம் இதுதான்.

வீட்டுக்குள் எடுத்துச் செல்பவர்களுக்குப் பேட்டரி உள்ள ஒற்றைப் பெட்டி. இதே மாடலில் இரண்டை ஜோடி சேர்த்து ஸ்டீரியோவாக்கும் வசதி சிலவற்றில் உண்டு. இப்போது ஒன்று, பிறகு ஒன்று என்று வாங்க நல்ல வழி. ஆனால் இரண்டும் அதே மாடலாக இருக்க வேண்டும், அந்த மாடல் பிறகு சந்தையில் இல்லாமலும் போகலாம்.

வைஃபை ஸ்பீக்கர் பல அறைகளில் பாட்டு ஓடவிடுபவர்களுக்கானது. லேப்டாப்பில் ஓடும் எல்லா ஒலியையும் அதற்கு அனுப்புவது சுற்றுவழி வேலை, தாமதமும் கூடுதல். ஒரே லேப்டாப்புக்கு வேண்டாம்.

6. பெட்டியில் அச்சிட்ட எண்களைப் படியுங்கள்

வாட்டில் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) என்று குறிப்பிட்டதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிஎம்பிஓ (கணநேர உச்ச சக்தி) என்று போட்ட பெரிய எண் விளம்பரத்துக்கானது, அதை ஒதுக்கிவிடுங்கள். 10 வாட்டுக்கும் 20 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 3 டெசிபல். காதுக்கு அது கொஞ்சம் கூடியதாக மட்டுமே கேட்கும். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது 10 மடங்கு வாட்.

பேட்டரி இல்லாமல், லேப்டாப்பின் யூஎஸ்பி வழியே மின்சாரம் எடுக்கும் ஸ்பீக்கரில் ஓர் எளிய கணக்கு போடலாம். யூஎஸ்பி 2.0 போர்ட் 5 வோல்ட்டில் 0.5 ஆம்பியர் தருகிறது, பெருக்கினால் 2.5 வாட். யூஎஸ்பி 3.0-இல் 0.9 ஆம்பியர், 4.5 வாட். அந்தப் போர்ட்டில் ஓடும் ஸ்பீக்கர் 20 வாட் என்று சொன்னால், அந்தச் சக்தி தொடர்ந்து எங்கிருந்தும் வரப்போவதில்லை. அப்படிப் போட்டிருப்பவரின் மற்ற எண்களையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை என்ற வரியும் அப்படித்தான். பக்கத்தில் கூட்டல் கழித்தல் 3 டெசிபல் மாதிரி ஏதாவது வரம்பு போட்டிருந்தால்தான் அதற்கு மதிப்பு. இரண்டு அங்குல டிரைவரிலிருந்து 20 ஹெர்ட்ஸ் காதுக்குக் கேட்கும்படி வராது.

நம்பத் தகுந்தவை இரண்டு: டிரைவரின் விட்டம், பெட்டியின் எடை. ஒரே விலையில் உள்ள இரண்டில் பெரிய டிரைவரும் கூடுதல் எடையும் உள்ளதை முதலில் கேட்டுப் பாருங்கள். பெரிய காந்தமும் கெட்டியான பெட்டியும் எடையில் தெரியும். பேட்டரி உள்ளதை பேட்டரி உள்ளதோடுதான் ஒப்பிட வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரியின் எடை ஏமாற்றிவிடும்.

ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். வீட்டு மேசைக்கு அது எதற்கு?

7. இவை இல்லாவிட்டால் வாங்காதீர்கள்

3.5 மி.மீ. ஆக்ஸ் உள்ளீடு, அதாவது வயர் வழியே ஒலி வாங்கும் துளை. புளூடூத் மக்கர் செய்யும் நாளிலும், தாமதமே கூடாத வேலைக்கும் ஒரு வயரைச் செருகினால் பிரச்சினை தீர்ந்தது. புதிய பேட்டரிப் பெட்டிகளில் பலவற்றில் இதை எடுத்துவிட்டார்கள், அதனால் தேடிப் பார்த்து வாங்குங்கள்.

கையால் அழுத்தும் அல்லது திருகும் ஒலியளவுக் கட்டுப்பாடு. மீட்டிங் நடுவே சட்டென்று குறைக்க இதைவிட வேகமான வழி கிடையாது.

அப்புறம், யாரும் கேட்காத ஒரு கேள்வி: சும்மா இருந்தால் தானாக அணையுமா? பேட்டரிப் பெட்டிகளில் பல, சில நிமிடம் ஒலி இல்லாவிட்டால் அணைந்துவிடும். லேப்டாப்பில் வேலை பார்க்கும்போது அரை மணி நேரம் எந்தச் சத்தமும் இல்லாமல் போவது சாதாரணம். அழைப்பு வரும்போது ஸ்பீக்கர் தூங்கிக்கொண்டிருக்கும், எழுந்துபோய் பட்டனை அழுத்த வேண்டியிருக்கும். இந்த அணைப்பை நிறுத்திவைக்க முடியுமா என்று கையேட்டில் பாருங்கள். பெரும்பாலான தயாரிப்பாளர்களின் தளத்தில் கையேடு வாங்கும் முன்பே படிக்கக் கிடைக்கும்.

8. கேட்டுப் பார்க்கும்போது எதைப் போடுவது

கடையில் அவர்கள் போடும் பாட்டைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். சிறிய ஸ்பீக்கரிலும் எடுப்பாகக் கேட்கும் பாட்டைத்தான் போடுவார்கள். உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டும், ஆண் குரலில் ஒரு பேச்சும் கையோடு கொண்டு போங்கள்.

பேச்சை முதலில் போடுங்கள். குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போல இருந்தால் அந்த ஸ்பீக்கரின் நடு ஒலி சரியில்லை. பாஸைத் தூக்கி வைத்து மயக்கும் ஸ்பீக்கர்கள் இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும்.

பிறகு மிகக் குறைந்த ஒலியளவுக்கு இறக்குங்கள். முதல் படியே இரவில் அடுத்த அறைக்குக் கேட்கிறதா? ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே பெரிய தாவல் இருக்கிறதா? பாட்டை நிறுத்திவிட்டுக் காதை அரை மீட்டருக்குக் கொண்டுபோங்கள். உஸ் என்ற இரைச்சல் கேட்டால் மேசையில் தினமும் அதைக் கேட்டுக்கொண்டே இருக்க நேரும். கடையின் இரைச்சலில் இது தெரியாது, வீட்டில் மறுபடி பாருங்கள்.

கடைசியாக முக்கால் அளவுக்கு ஏற்றி, பெட்டி அதிர்கிறதா, குரல் உடைகிறதா என்று கேளுங்கள். முழு அளவில் எல்லா மலிவு ஸ்பீக்கரும் உடையும், அதை வைத்துக் கழிக்க வேண்டாம்.

9. வீட்டில் இந்த வரிசையில் இணையுங்கள்

முதலில் முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். பிறகு பக்கத்தில் உள்ள போன்களின் புளூடூத்தை அணைத்துவிட்டு லேப்டாப்போடு ஜோடி சேருங்கள். இல்லாவிட்டால் ஸ்பீக்கர் போனைப் பிடித்துக்கொள்ளும், நீங்கள் லேப்டாப்பில் கோளாறு தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்து, மீட்டிங் மென்பொருளில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கையே தேர்ந்தெடுங்கள். மைக் உள்ள புளூடூத் ஸ்பீக்கரில் அந்த மைக்கை இயக்கினால், வழக்கமான புளூடூத் இணைப்பு அழைப்பு முறைக்கு மாறிவிடும். ஸ்டீரியோ போய் ஒற்றை ஒலியாகும், மாதிரி வீதம் (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்ற எண்) 16 அல்லது 8 கிலோஹெர்ட்ஸாகச் சுருங்கும். ஸ்பீக்கர் பழுது என்று பலர் திருப்பி அனுப்புவது இதனால்தான். மைக்கை மாற்றியதும் ஒலி பழையபடி வந்துவிடும்.

லேப்டாப்பில் ஒலியளவை உயர்த்தி வைத்து, ஸ்பீக்கரில் குறையுங்கள். தலைகீழாகச் செய்தால் ஸ்பீக்கரின் இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும். சில மாடல்களில் இரண்டும் ஒன்றாகவே நகரும், அப்போது இந்த வேலை இல்லை.

இரட்டைப் பெட்டி என்றால் இரண்டும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக அமையட்டும், டிரைவர்கள் காதைப் பார்க்கட்டும். மேசையில் படுத்த மாதிரி கிடந்தால் ஒரு கனமான புத்தகத்தின் மேல் தூக்கி வையுங்கள். சுவர் மூலையில் ஒட்டி வைத்தால் பாஸ் கூடும்; குடைச்சலாகக் கேட்டால் கொஞ்சம் முன்னே இழுங்கள்.

ஒலி விட்டுவிட்டு வந்தால் மூன்று காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள். யூஎஸ்பி 3.0 ஹப்போ ஹார்டு டிஸ்க்கோ லேப்டாப்பின் அருகே ஓடுகிறதா? அது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் கிளப்பும், தள்ளி வையுங்கள். வைஃபை 2.4-இல் இருக்கிறதா? புளூடூத்தும் அதே அலைவரிசைப் பகுதியில்தான் ஓடுகிறது. வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். நடுவில் ஆள் உட்கார்ந்திருக்கிறாரா? உடம்பு அந்த அலையை நன்றாகவே தடுக்கும்.

ஆக்ஸ் வயரும் சார்ஜிங் வயரும் ஒரே லேப்டாப்பில் செருகியிருக்கும்போது ரீங்காரம் கேட்டால், சார்ஜிங்கைத் தனி அடாப்டருக்கு மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் நின்றுவிடும்.

10. திருப்பித் தரும் கெடுவுக்குள் செய்ய வேண்டியவை

கெடு எத்தனை நாள் என்பதைப் பெட்டி வந்த அன்றே குறித்து வையுங்கள். அட்டைப் பெட்டியையும் உள்ளே இருந்த தெர்மோகோலையும் அதுவரை தூக்கிப் போடாதீர்கள்.

ஒரு முழு வேலை நாள் ஓட்டுங்கள். லேப்டாப்பை மூடித் திறந்தால் தானாக இணைகிறதா, அறிவிப்பு ஒலியின் முதல் பாதி வெட்டுப்படுகிறதா, இரவில் ஆன் செய்யும்போது வரும் குரல் அறிவிப்பு வீட்டையே எழுப்புகிறதா என்று பாருங்கள். பேட்டரி நேரத்தை உங்கள் வழக்கமான ஒலியளவில் நீங்களே பாருங்கள். பெட்டியில் போட்ட மணி நேரம் பெரும்பாலும் பாதி ஒலியளவில் எடுத்தது.

தாமதமோ தானாக அணைவதோ தொந்தரவாக இருந்தால், போகப்போகப் பழகிவிடும் என்று வைத்துக்கொள்ளாமல் திருப்பி அனுப்பிவிடுங்கள். அனுப்பும் முன் கையேட்டில் உள்ளபடி ரீசெட் செய்து, லேப்டாப்பின் புளூடூத் பட்டியலிலிருந்தும் அந்த ஸ்பீக்கரை நீக்கிவிடுங்கள். பதிலுக்கு அதே மாடலில் இன்னொன்று வந்தால், எது பழையது எது புதியது என்று பட்டியலில் குழப்பம் வராது.